ஓரடி மண்

நிலங்களுக்குப் பெயர் சூட்டுவதில் ஊரவர்க்குள்ள நகைச்சுவை அறிஞர்க்கு வாய்ப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கே ஒறிகன், வாஷிங்ரன், ஐடகோ என்னும் மூன்று மாநிலங்களிலும் காணப்படும் ஒரு மண்ணுக்கு ‘லிக்ஸ்கில்லற்’ என்று பெயர். பொரிக்குஞ் சட்டியை நக்குதல் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். உண்ண வழியற்ற ஊர்களைப் பழைய குடியேறிகள் இவ்வாறு பெயரிட்டு எள்ளினர். அதன் அயலிலே கிடக்கும் மற்றொரு மண்ணுக்கு ‘பேக்கவன்’ என்று பெயர். நம்மவர் மொழியிற் கூறின் பாண் போறணை. பொன் தேடிச் சென்றோருக்குப் பாண் சுட்டு விற்ற ஒருவன் வழியிலே கட்டிய போறணையால் அவ்வூர் அப்பெயர் பெற்றது என்பர். ஒரு மண்வகை முதலில் விபரிக்கப்பட்ட இடத்தை அண்டிய ஊர்ப்பெயரையே அதற்கு இடுவது மண்ணியலாளர் மரபு. ஆதலின் ஊரவரின் கேலி அப்படியே அறிவியற் பெயராகி ஏட்டில் ஏறிவிட்டது. இவ்விரண்டு மண்ணும் ஆழமற்றவை, கல் நிறைந்தவை, எரிமலைக் குழம்பு உறைந்த பாறைமீது கிடப்பவை. உழவுக்கு உதவாமையால் மேய்ச்சலுக்கே விடப்பட்டவை. சட்டியை நக்கும் வறுமையும் போறணையின் வெப்பமும் பெயரிலேயே அமைந்துவிட்டமை தற்செயலாயினும் பொருத்தமே.

1984 ஆம் ஆண்டு பட்டப்பின் படிப்பின்பொருட்டு அப்பகுதிக்குச் சென்ற எனக்கு, கோடை விடுமுறையில் மண் அளவைக் குழுவொன்றில் உதவியாளனாகப் பணிபுரியும் வாய்ப்புக் கிடைத்தது. உதவியாளன் என்பது பதவிப் பெயர். செய்த தொழில் குழி தோண்டுதல். அந்நிலத்தில் மண்வெட்டியாற் பயனில்லை, அலவாங்கே வேண்டும். மேலே சிதறிக் கிடக்கும் கற்களை அகற்றினால், கையில் எடுத்தவுடன் உதிர்ந்துபோகும் கபில நிற நுண்மண் தோன்றும். நீர் தெளித்துப் பார்த்தால் அக்கபிலம் கறுப்பை அண்டிவிடும். ஒரு சாண் கீழே செல்லக் களி சற்றுக் கூடும், கல்லும் கூடும். பின்னர் மண்ணிடையே கல் என்ற நிலை மாறிக் கல்லிடையே மண் என்றாகும். முழங்கையளவு இறங்குவதற்குள் அலவாங்கின் நுனி தாய்ப்பாறையில் மோதும். தனிக்கல்லில் மோதும் ஓசை வேறு, தாய்ப்பாறையில் மோதும் ஓசை வேறு. முன்னது மந்தமானது, பின்னது கணீரென்று எழுந்து தோள்வரை அதிரச் செய்வது. ஒரு கிழமைக்குள் எமது காதுகள் அவ்வேறுபாட்டைக் கற்றுக்கொண்டன. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிற் கிணறு வெட்டக் கண்டவனுக்கு, மண் முடிந்து கல் தொடங்கும் இடம் முற்றிலும் புதியதன்று. ஆனால் நமது கல் கடலடியிற் படிந்த சுண்ணக்கல். நீரைத் தன்னுள்ளே தேக்கிவைக்கும் கல். இங்கோ கல் என்பது ஒருகாலத்தில் நெருப்பாய் ஓடியது.

அவ்வோட்டத்தின் அளவை எண்ணிப் பார்த்தல் தகும். எரிமலை என்றதும் நாம் கூம்பு வடிவான ஒரு மலையையும் அதன் உச்சிப் புகையையும் மனத்திற் கொள்கிறோம். கொலம்பியாப் பீடபூமியை ஆக்கியது அத்தகைய மலையன்று. ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் நிலம் நீண்ட பிளவுகளாக வெடித்தது. அப்பிளவுகளின் வழியே கொதிக்குங் குழம்பு நீர்போலப் பரந்து பள்ளங்களை நிரப்பியது, உறைந்தது, அதன்மேல் மீண்டும் பரந்தது. இவ்வாறு முந்நூறுக்கு மேற்பட்ட படைகள் ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படிந்தன. அவை மூடிய பரப்பு ஏறத்தாழ 2 இலட்சம் சதுர கிலோமீற்றர், அதாவது நமது தீவைப்போல் மும்மடங்கு. சில இடங்களில் அதன் தடிப்பு 3 கிலோமீற்றருக்கும் மேல். குளிர்ந்து சுருங்கியபோது பாறை அறுகோணத் தூண்களாகப் பிளவுண்டது. ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் செங்குத்துச் சரிவுகளில் அத்தூண்கள் கோயில் மண்டபமொன்றின் தூண்வரிசைபோல் நிற்பதைக் காணலாம். இக்கருநிறப் பசாற்றுப் பாறையின் மூட்டுகளே பிற்காலத்தில் அந்நிலத்தின் தாவரங்களுக்கு உயிர்வழி ஆயின என்பதை இங்கே குறித்துவைத்து அப்பாற் செல்வோம்.

பசாற்று ஏழைப் பாறையன்று. கல்சியமும் மகனீசியமும் இரும்பும் அதில் மிகுதி. வானிலையாலழிந்து மண்ணாகுமாயின் வளமான களியைத் தரும். இந்தியத் தக்கணத்தில் இவ்வாறே பரந்துறைந்த எரிமலைக் குழம்பிலிருந்து தோன்றிய கரிசல், பருத்திக்குப் பெயர்பெற்றது. அவ்வாறாயின் அங்கே ஆள் ஆழத்துக்கும் மண் கிடக்க, இங்கே முழங்கையாழத்துக்கும் மண் இல்லாதது ஏன்? ஹான்ஸ் யெனி 1941 இல் வெளியிட்ட நூலில், தாய்ப்பொருள், காலநிலை, உயிரினம், தரைத்தோற்றம், காலம் என்னும் ஐந்துங் கூடியே மண் பிறக்கிறது என்றார். தாய்ப்பொருள் ஒன்றாயிருந்தும் மற்றவை மாறுபடின் மகவு மாறுபடும். கொலம்பியாப் பீடபூமியில் ஆண்டு மழைவீழ்ச்சி, பனியையுஞ் சேர்த்து, இம்மண் கிடக்கும் இடங்களில் ஏறத்தாழ 300 மில்லிமீற்றர். அதுவும் பெரும்பாலும் மாரிக்குளிரில் வீழ்வது. வெப்பமுள்ளபோது ஈரமில்லை, ஈரமுள்ளபோது வெப்பமில்லை. பாறையை அரிக்க வேண்டிய இரண்டு கைகளும் ஒருங்கே வேலை செய்வதில்லை.

காலமும் அங்கே பலவிடங்களில் இடையறுந்தது. கடைசிப் பனிக்கட்டிக் காலத்தில், பனிக்கட்டி அணையொன்றினால் தடுக்கப்பட்ட மிசூலா என்னும் பேரேரி, அணை உடையுந்தோறும் கிழக்கு வாஷிங்ரனின்மேற் பாய்ந்து, மண்ணை உரித்துப் பாறையைத் துளைத்துச் சென்றது. இவ்வெள்ளங்கள் நிகழ்ந்து ஏறத்தாழ 15,000 முதல் 18,000 ஆண்டுகள் ஆகின்றன. 1923 இல் ஜே ஹார்லன் பிறெற்ஸ் என்பார் இந்நிலத்தோற்றம் பெருவெள்ளத்தின் விளைவே என எழுதியபோது புவிச்சரிதவியலாளர் நகைத்தனர். 1927 இல் தலைநகர்க் கூட்டமொன்றில் அவரை ஒருவர்பின் ஒருவராக மறுத்தனர். 1979 இல் அவருக்கு அத்துறையின் உயர்விருதான பென்றோஸ் பதக்கம் வழங்கப்பட்டது. அப்போது அவர் தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தார். வெள்ளம் உரித்த அந்நிலத்தை ஊரவர் புண்ணின்மேற் படியும் பொருக்கின் பெயரால் அழைத்துவந்தனர். அறிஞர் ஏற்க அரை நூற்றாண்டு பிடித்த உண்மையின் பாதி, அந்நிலம் ஒருகாலத்திற் காயப்பட்டது என்பது, அப்பெயரிலேயே இருந்தது.

வெள்ளம் போனபின் பாறைமேல் மண் எங்கிருந்து வந்தது என்பதே என்னை மிகவும் ஈர்த்த வினா. எரிமலைப் பாறையிலிருந்து உருவான மண் என்று ஏடுகள் கூறுவது பாதியுண்மைதான். பாறை தந்தது கற்களையும் ஓரளவு களியையும். நுண்மண்ணின் பெரும்பங்கு காற்றுக் கொணர்ந்தது. வெள்ளம் விட்டுச்சென்ற வண்டலைத் தென்மேற்குக் காற்று அள்ளிச்சென்று பலூஸ் என்னும் பகுதியில் குன்றுகுன்றாய்க் குவித்தது. அக்குன்றுகள் இன்று உலகறிந்த கோதுமை வயல்கள். போகும் வழியிற் கல்லிடுக்குகளிற் சிக்கிய தூசியே ஆழமற்ற மண்ணின் பொருளாயிற்று. அதனோடு, 7,700 ஆண்டுகளுக்கு முன்னர் ஒறிகனில் மசாமா மலை வெடித்துச் சொரிந்த சாம்பலும் கலந்தது. நாம் தோண்டிய குழிகள் சிலவற்றில், மேற்பரப்புப் பாசியின் கீழே, அரிசிமாவைத் தூவியதுபோல் வெளிறிய மெல்லிய கோடொன்று தென்பட்டது. அது 1980 மே 18 ஆம் திகதி சென் ஹெலன்ஸ் மலை வெடித்தபோது வந்து படிந்த சாம்பல். நான்கே ஆண்டுகளில் அதன்மேற் பாசி வளர்ந்து மூடியிருந்தது. மண் உண்டாவதைக் கண்ணாற் கண்டேன் என்று சொல்லத்தக்க தருணம் என் வாழ்வில் அதுவொன்றே.

நீரின் கணக்கை எடுத்துக்கொண்டால் இம்மண்ணின் நெருக்கடி விளங்கும். பாறைக்குமேல் 40 சென்ரிமீற்றர் மண் உண்டு என்போம். அதிற் சரிபாதி கல். எஞ்சுவது 20 சென்ரிமீற்றர். தாவரம் உறிஞ்சத்தக்க நீராகத் தன் கனவளவில் ஆறிலொரு பங்கை நுண்மண் பிடித்துவைக்கும் எனக் கொண்டால், முழுச் சேமிப்பும் 3 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். கோடையில் அந்நிலத்து வெயிலும் காற்றும் நாளொன்றுக்கு 6, 7 மில்லிமீற்றர் நீரைக் கேட்கும். கேட்டபடி கொடுத்தால் ஐந்து நாளிற் சேமிப்புத் தீர்ந்துவிடும். அயலிலுள்ள பலூஸ் குன்றில் ஒன்றரை மீற்றர் ஆழத்துக்குக் கல்லற்ற மண் கிடக்கிறது. அதே கணக்கில் அதன் சேமிப்பு 25 சென்ரிமீற்றர். ஒரே மழையைப் பெற்ற இரு நிலங்களில் ஒன்று பத்தாயத்தோடும் மற்றொன்று மடிப்பெட்டியோடும் கோடைக்குள் நுழைகின்றன.

மடிப்பெட்டியோடு வாழத் தெரிந்தவையே அங்கு நிலைத்தன. ‘புளூபஞ்ச்’ எனப்படும் புல், தனித்தனிக் குடுமிகளாக, குடுமிக்குக் குடுமி இடைவெளிவிட்டு வளர்வது. அது வசந்தத்தில் விரைந்து தழைத்து விதை முற்றுவித்து, யூலை வெயிலிற் பொன்னிறமாகக் காய்ந்து உறங்கிவிடும். மண் இன்னும் மெலிந்த இடங்களில் அப்புல்லும் பின்வாங்க, ஒரு சாண் உயரமே வளரும் வேறொரு சிறுபுல்லும், நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த விறைத்த சேஜ் புதரும் நிற்கும். சேஜ் இனத்திற் பல ஆண்டு முழுவதும் இலையோடிருப்பவை. இவ்வொன்று கோடை முதிர இலையை உதிர்த்துவிடுகிறது. அதன் வேரோ மண்ணை நம்பியதன்று; பாறைத் தூண்களின் மூட்டுக்குள் இறங்கி அங்கே ஒளிந்திருக்கும் ஈரத்தைத் தேடுவது. கல்லும் பகையன்று. மேற்பரப்புக் கற்கள் வெயிலைத் தடுத்து ஆவியாதலைக் குறைக்கின்றன. துளியின் அடியைத் தாம் ஏற்று மண்ணரிப்பைத் தடுக்கின்றன. தம்மேல் விழும் நீரை இடையிலுள்ள நுண்மண்ணுக்கே வழியவிடுகின்றன. குடுமிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் வெறுமையன்று. இலைக்கனும் பாசியும் நீலப்பச்சை அல்காவும் பின்னிய ஒரு தோல் அங்கே மண்ணைப் போர்த்தியிருக்கும். உலர்ந்தபோது அழுக்குப்போற் கறுத்துக் கிடந்து, நீர் பட்டதும் சில நிமிடங்களிற் பச்சை கொள்ளும். கோடைப் பகலில் அருந்துநீரிற் கொஞ்சத்தை அதன்மேல் ஊற்றி வேடிக்கை பார்ப்பது எங்கள் குழுவினரின் பொழுதுபோக்கு.

பழைய குடிகள் இந்நிலத்தை வறியதென்று கருதியதாகத் தெரியவில்லை. யாக்கமா, உமற்றிலா முதலிய மக்களுக்கு இக்கற்றரை வசந்தகாலக் களஞ்சியம். பனி உருகியதும் இம்மெலிந்த மண்ணிலேதான் அவர்களின் உணவுக்கிழங்குகள் முளைவிடும். அவற்றுள் ஒன்று கசப்புவேர். அது கல்லிடையே இலையின்றி மலர்வதுபோல் தோன்றும் இளஞ்சிவப்புப் பூவையுடையது. 1806 இல் மெரிவெதர் லூயிஸ் பறித்து உலர்த்திக் கொண்டுசென்ற அதன் வேர், பிலடெல்பியாவில் மீள நடப்பட்டபோது உயிர்த்தெழுந்தது. அதனால் ‘மீண்டுயிர்த்தது’ என்னும் பொருள்பட அதற்கு இலத்தீனிற் பெயரிட்டனர். முழங்கையாழ மண்ணிற் பழகிய வேருக்கு, காகிதத்திடையே கிடந்த காலம் நீண்டதொரு கோடையாகவே இருந்திருக்கலாம். 1855 இல் அம்மக்கள் தம் நிலத்தின் பெரும்பகுதியை ஒப்பந்தத்தின்வழி இழந்தபோதும், பிறர் உரிமை கொள்ளாத நிலங்களிற் கிழங்கும் கனியும் சேகரிக்கும் உரிமையை எழுத்திற் பெற்றிருந்தனர். ஆழமான மண்ணெல்லாம் விரைவில் உரிமை கொள்ளப்பட்டு உழப்பட்டது. ஓரடி மண்ணோ எவருக்கும் வேண்டாததாய்க் கிடந்தமையால், பலவிடங்களில் கிழங்கும் உரிமையும் அங்கேயே எஞ்சின.

இவ்விடத்தில் எமது துறையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1961 இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட நில ஆற்றல் வகுப்பீடு, நிலத்தை எட்டு வகுப்புகளாகப் பிரித்தது. முதல் நான்கும் உழத்தக்கவை. ஏழாவது மேய்ச்சலுக்கோ காட்டுக்கோ விடத்தக்கது. எட்டாவது அதற்கும் ஆகாதது. லிக்ஸ்கில்லற் பெரும்பாலும் ஏழாம் வகுப்பைச் சேர்ந்தது. வேடிக்கை என்னவெனில், 1975 இல் வெளியான அமெரிக்க மண் வகைப்பாட்டு நூலின்படி இதே மண், உக்ரேனின் புகழ்பெற்ற கருமண் இடம்பெறும் புன்னில மண் வரிசையிலேயே வைக்கப்படுகிறது. ஏனெனில் அதன் மேற்படை சேதனப்பொருளாற் கறுத்துச் செழித்தது. குலம் உயர்ந்தது, குறை ஆழத்தில் மட்டுமே. ஆற்றல் வகுப்பீட்டின்மீது எனக்குப் பகையில்லை. எங்கே கலப்பை வைக்கலாகாது எனச் சொல்லி அது பல சரிவுகளைக் காத்திருக்கிறது. ஆயின் வகுப்பு இலக்கத்தைக் கண்டவர் அதை நிலத்தின் மதிப்பாகவே வாசித்துவிடுகின்றனர். பிற்காலத்தில் நான் அமர்ந்த கூட்டங்கள் பலவற்றில், ஏழு, எட்டு என்ற இலக்கங்கள் மேசையின் மறுமுனையை அடைவதற்குள் ‘பயனற்ற நிலம்’ என்ற சொல்லாக மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன். பயனற்றது என்று ஒருமுறை எழுதப்பட்ட நிலத்துக்கு எதைச் செய்தாலும் கேட்பாரில்லை.

வேறுவகை எண்ணமும் அங்கே இருந்தது. றெக்ஸ்போட் டோபன்மயர் என்னும் தாவரச் சூழலியலாளர் 1970 இல் வாஷிங்ரன் மாநிலத்தின் புன்னிலத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில், நிலப்பகுதிகளை அவற்றில் இயல்பாய் வளரும் புதரொன்றும் புல்லொன்றுமாக இரண்டு தாவரங்களின் பெயராற் சுட்டினார். விளைச்சலைக் கேளாமல், இங்கே எது தானாக நிற்கும் என்று கேட்டு வகுத்தது அம்முறை. அந்நூலை முதன்முதலிற் படித்தபோது, தமிழ் படித்தவன் எவனுக்கும் தோன்றுவதே எனக்கும் தோன்றியது. குறிஞ்சி, முல்லை, மருதம் என நிலத்தை அதன் பூவால் அழைத்த மரபு நம்முடையது. வயலை மென்புலம் என்றும் காட்டையும் மலையையும் வன்புலம் என்றும், பருக்கைக்கல் நிறைந்த மேட்டை முரம்பு என்றும் நம் முன்னோர் வழங்கினர். வன்புலம் என்பது வசையன்று. அங்கே தினையும் உண்டு, ஆநிரையும் உண்டு. இரு மரபுக்கும் தொடர்பு உண்டென்று நிறுவ முயல்பவனல்லன் நான். நிலத்தை அதன் விருந்தினனாகிய உழவனைக் கொண்டு அளவாமல், அதன் வீட்டாராகிய மரஞ்செடிகளைக் கொண்டு அழைக்கலாம் என்பதில் இருவரும் ஒத்திருந்தனர் என்பதே போதும்.

இம்மண்ணின் உண்மையான நெருக்கடியை நான் ஒரு கம்பிவேலியின் அருகே கண்டேன். அந்நிலத்துக்குரிய மாட்டுப்பண்ணையாளர் எழுபதைத் தாண்டியவர்; சொற்சிக்கனமானவர். இச்சரிவில் இன்னும் இரண்டடி மண் இருந்திருந்தால் தாம் கோதுமைக்காரராகியிருப்பார் என்றும், இல்லாமையால் மாட்டுக்காரரானார் என்றும் முதல்நாள் எமக்குக் கூறியவர் அவர். வேலியின் ஒருபுறம் அவருடைய மேய்ச்சல்; ஒவ்வோராண்டும் வசந்தகாலத் தழைப்பு முடியும்வரை மாட்டை விடாமற் காத்தது. மறுபுறம் வேறொருவருடையது, முன்னைய தலைமுறைகளில் அளவின்றி மேய்க்கப்பட்டுப் பின் ஒருமுறை தீக்கிரையானது. இப்புறம் குடுமிப்புல்லும் அதனிடையே பாசித்தோலும். அப்புறம் எஞ்சிய குடுமிகள் ஒவ்வொன்றும் கையளவு உயர மண்பீடத்தின்மேல் நின்றன. பீடம் எவராலும் கட்டப்பட்டதன்று. சுற்றியிருந்த மண் போய்விட, வேர் பிடித்திருந்த மண்மட்டும் உயர்ந்து நின்றது. பழைய நிலமட்டம் எங்கே இருந்தது என்பதை அப்புல்லின் அடியே காட்டியது. அலவாங்கை இறக்கினோம். அப்புறத்தில் அவ்வோசை மிக விரைவில் எழுந்தது. பண்ணையாளர் குனிந்து பீடத்தின் உயரத்தைத் தன் விரல்களால் அளந்தார். அதன்பின் மாலைவரை அவர் எதுவும் பேசவில்லை.

பலூஸ் குன்றுகளிலும் மண் போகிறது. சில முகடுகளில் மேன்மண் முற்றாகவே போய்விட்டது. ஆனால் அங்கே கீழும் மண். கோதுமை இன்னும் விளைகிறது. இழப்பை ஆழம் மறைத்துவிடுகிறது. முழங்கையாழ மண்ணில் நான்கு விரல் போவது நாலிலொரு பங்கு நீர்ச்சேமிப்புப் போவதாகும். வெள்ளம் உரித்த பாறைமீது 15,000 ஆண்டில் ஓரடி, அதாவது 30 சென்ரிமீற்றர் மண் சேர்ந்தது என்று கொண்டாலும், ஒரு சென்ரிமீற்றருக்கு ஐந்நூறு ஆண்டு ஆகிறது. போன நான்கு விரலைத் திருப்பித்தர யாராலும் இயலாது.

அந்நிலம் அவ்வாறு கெட்டதற்குக் காரணம் மாட்டின் பேராசையுமன்று, மனிதரின் பேராசை மட்டுமுமன்று. றொக்கி மலைகளுக்குக் கிழக்கேயுள்ள புல்வெளிகள் காட்டெருமைக் கூட்டங்களோடு சேர்ந்து வளர்ந்தவை. மேற்கேயுள்ள இப்பீடபூமியில் அத்தகைய பெருங்கூட்டங்கள் இருக்கவில்லை. குளம்புக்குப் பழகாத புல்லும் தோலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திடீரென மாட்டையும் ஆட்டையும் சந்தித்தன. வளர்முனை மேலெழும் வசந்தப் பருவத்தில் கடியுண்ட குடுமி, அவ்வாண்டு மீள்வதற்குள் ஈரம் தீர்ந்துவிடும். 1934 இல் பொதுநிலங்களில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. அதற்குள் மற்றொரு விருந்தாளி வந்து சேர்ந்திருந்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலுமிருந்து தானிய விதையோடு கலந்து வந்த ஓர் ஓராண்டுப் புல் அது. கோதுமைக்காரர் தம்மை வஞ்சித்ததாகக் கருதி அதை ஏமாற்றுப்புல் என்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கால்வைத்த அப்புல், சில பத்தாண்டுகளில் மேற்கு முழுவதும் பரவிய வரலாற்றை றிச்சாட் மக் என்பார் 1981 இல் விரிவாக எழுதினார். அது இலையுதிர்காலத்தில் முளைத்து மாரியில் வேரோட்டி, வசந்தத்தில் மற்றவை விழிப்பதற்குள் அந்த மூன்று சென்ரிமீற்றர் நீரையும் குடித்துவிடும். யூன் மாதத்துக்குள் காய்ந்து வைக்கோலாகும். முன்னே, மெலிந்த மண்ணிற் குடுமிக்கும் குடுமிக்கும் இடையிலிருந்த வெற்றிடமே தீக்கு அணையாயிருந்தது. எரிய அங்கே எதுவுமில்லை. ஏமாற்றுப்புல் அவ்விடைவெளியைத் திரிபோல் நிரப்பியது. தீ அடிக்கடி வரலாயிற்று. எரிந்த சேஜ் வகைகளுட் பல மீண்டுந் துளிர்ப்பதில்லை. ஏமாற்றுப்புல்லோ அடுத்த இலையுதிர்காலத்திலேயே முளைக்கும். இடைவெளியை வீணென்று எண்ணுபவர், அவ்விடைவெளி நிரம்பியபின் நேர்ந்ததைப் பார்க்கவேண்டும்.

சீரமைப்பு முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. ஆழமண்ணில் விதைப்பொறியை இழுத்துச் செல்லலாம். இங்கே கல்லில் அதன் பற்கள் உடையும். ஆதலின் வானூர்தியிலிருந்து விதையைத் தூவுகின்றனர். பாதி கல்லின்மேல் விழுகிறது, மீதியிற் பெரும்பங்கை எலியும் பறவையும் கொள்கின்றன. ஏமாற்றுப்புல் முளைக்குமுன் அதைத் தடுக்கும் களைகொல்லியை முதலில் விசிறி, பின்னர் விதைப்பதும் உண்டு. அப்போது விதைக்கும் அந்நஞ்சு எட்டாதிருக்கக் காலம் பார்க்கவேண்டும். குடுமிப்புல்லின் நாற்று முதற்கோடையைத் தாண்டினால் வாழும். அது மாட்டின் வாய்க்கு நிற்கும் வலிமை பெறச் சில ஆண்டுகள் ஆகும். பாசித்தோல் மீளப் பல பத்தாண்டுகள்.

நான் கண்ட சரிவிலும் அப்பண்ணையாளர் தம் செலவில் அதைத் தொடங்கினார். அயலவரிடமிருந்து வேலிக்கு அப்புறத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தம்முடைய புறத்துக் குடுமிகளில் விதை முற்றியதும் தாமே கையால் உருவிச் சாக்கில் சேர்த்தார். கடைநிலத்தில் வாங்கும் விதை இக்கல்லுக்குப் பழகியதன்று என்பது அவர் கட்சி. இலையுதிர்காலத்தின் முதல் மழைக்கு முன்னர் ஒருநாள் எங்களையும் அழைத்தார். அலவாங்கு வேண்டாம் என்றார். பீடங்களின் நிழற்பக்கத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே நுண்மண் ஒதுங்கியிருந்த இடங்களைத் தேடித் தேடி, பெருவிரலால் ஒவ்வொரு குழி இட்டு, இரண்டு மூன்று விதைகளாகப் போட்டு மூடி, அதன்மேல் ஒரு சிறு கல்லை நிழலுக்காகச் சாய்த்துவைத்தோம். இருட்டுவதற்குள் அரை ஏக்கரும் முடியவில்லை.